டீசல் இஞ்சின் பிளாக் கிராக்: தைப்பதா, மாற்றுவதா? அறிகுறி வாரியாகப் பார்க்கும் வழி

இஞ்சின் கொதித்து நின்ற லாரியைச் சுற்றி நாலு பேர் நின்றால் அதில் ஒருவர் "பிளாக் போச்சு" என்று சொல்லிவிடுவார். சிலிண்டர்கள் இருக்கும் இஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்புதான் பிளாக். அந்த ஒரு சொல்லை நம்பி, பழைய வண்டிகளின் இஞ்சினை விற்கும் ஹாஃப்கட் கடைக்குப் பணம் கட்டியவர்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நிறையப் பேர். கழற்றிப் போட்ட பழைய இஞ்சினை அப்புறம் பிரித்துப் பார்த்தால் ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் தீய்ந்திருக்கும். பிளாக்கில் ஒரு கீறலும் இருக்காது. உண்மையிலேயே கிராக் விட்ட பிளாக்குகளும் வருகின்றன, அதிலும் பாதியை மாற்றத் தேவையில்லை, கிராக்கை மரை பின்களால் மூடி, அதாவது தைத்து, ஓட்டலாம். கிராக் எவ்வளவு நீளம் என்பதை விட அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முடிவைச் சொல்லும்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி, தோட்டத்து டிராக்டர், பழைய டீசல் பிக்அப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில் வரும், பிளாக் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இஞ்சின் கொதித்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள், மேலே தண்ணீரும் ஊற்றாதீர்கள். நம் ஊரில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிப்பது கிடையாது, இங்கே பிளாக்கை அதிகம் வெடிக்க வைப்பது கொதித்த இஞ்சினுக்குள் அவசரமாக ஊற்றும் பச்சைத் தண்ணீர்தான். நிழலில் நிறுத்தி, மேல் ஹோஸைக் கை வைத்துப் பிடிக்கும் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரமானாலும் காத்திருங்கள்.

அறிகுறி 1: தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

முதலில் ரேடியேட்டர் மூடி. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும், அது எத்தனை பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்கான எண். உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போய்விடும். புது மூடி போட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்னத் துளை, கேபின் ஹீட்டர் குழாய். சூடாக இருக்கும்போது மட்டும் கசிந்து, தரைக்கு வருமுன்னே காய்ந்துவிடும் கசிவுகள் உண்டு. ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள். வெள்ளையாகவோ துருச் சிவப்பாகவோ காய்ந்த கோடு தெரியும்.

அதிலும் ஒன்றும் இல்லை என்றால் பிரஷர் பம்ப். கையால் அடிக்கும் பம்ப்தான், ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டுவது. மூடியில் போட்டிருக்கும் எண் வரைக்கும் மட்டும் அடியுங்கள், அதற்கு மேல் போனால் ரேடியேட்டரின் தையல் பிரிந்து புதுச் செலவு வரும். இருபது நிமிடம் முள்ளைப் பாருங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே ஈரம் தெரிகிறது: அறிகுறி 6க்குப் போங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை: தண்ணீர் உள்ளே போகிறது. 2, 4, 5 மூன்றையும் பாருங்கள்.

முள் இறங்கவே இல்லை: இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மறுபடி ஒருமுறை. இந்தத் தடவை மூடியை உங்கள் ஆள் யாரும் திறக்க வேண்டாம், சூட்டில் பாதுகாப்பாகச் செய்யத் தெரிந்த போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) விடுங்கள். சில கிராக்குகள் இரும்பு சூடாகி விரியும்போதுதான் வாய் திறக்கும்.

அறிகுறி 2: இஞ்சின் ஆயில் நிறம் மாறிவிட்டது

டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கிறது, அளவும் ஏறியிருக்கிறது. உடனே இஞ்சினை நிறுத்துங்கள். அந்த ஆயிலோடு மில்லு வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தால் பேரிங் தேயும், கிராங்க் கீறும், அதன் பிறகு பிளாக் நன்றாக இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

ஆனால் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் வெள்ளைப் பசை ஒட்டியிருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அது ஈரக் காற்றால் வந்தது. கொஞ்ச தூரம் மட்டுமே ஓடி நிற்கும் வண்டிகளில், அதுவும் மழைக் காலத்தில், இது சாதாரணம். துடைத்துவிட்டு ஒருநாள் நீண்ட தூரம் ஓட்டினால் போய்விடும்.

உண்மையாகவே தண்ணீர் கலந்ததா என்று தெரிந்துகொள்ள: ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், சம்ப் எனும் அடி ஆயில் தொட்டியின் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலை விட கனம், அதனால் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். தெளிவான தண்ணீர் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

காரணங்கள், மலிவானதிலிருந்து:

ஆயில் கூலர். இசுசு, ஹினோ, மிட்சுபிஷி லாரி இஞ்சின்கள் பலவற்றில் தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் 3 அல்லது 4 பார் காற்று கொடுத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி வரும். வந்தால் பிளாக் தப்பித்தது.

ஹெட் கேஸ்கட், பிறகு ஹெட் கிராக். பிக்அப்களில் வரும் மிட்சுபிஷி 4டி56 மாதிரி அலுமினிய ஹெட் உள்ள இஞ்சின் ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் பிளாக்கைச் சந்தேகிக்கும் முன்னே ஹெட்டைச் சந்தேகியுங்கள். அது முதலில் போகும், பிளாக் வார்ப்பிரும்பு என்பதால் அதிகம் தாங்கும்.

லைனர், அதாவது பிஸ்டன் ஓடுவதற்காக பிளாக்குக்குள் இறக்கிய உருளை. தண்ணீர் நேராகத் தொடும் லைனர் உள்ள இஞ்சினில் அடி ரப்பர் வளையம் காய்ந்து கசியலாம், லைனர் சுவரில் ஊசித் துளைகள் விழலாம். லைனரே இல்லாமல் பிளாக்கிலேயே சிலிண்டர் குடைந்த பழைய ஃபோர்டு டிராக்டர் இஞ்சின்களிலும் இந்த ஊசித் துளை பிரபலம். பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் சுவரின் தண்ணீர்ப் பக்கம் குமிழிகள் உண்டாகி உடைந்து உடைந்து இரும்பை அரிக்கும். கூலண்ட் ஊற்றாமல் வெறும் ஓடைத் தண்ணீரிலேயே வருஷக்கணக்கில் ஓடிய இஞ்சின் என்றால் அரிப்பு வேகமாக நடக்கும்.

எது என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சம்பைக் கழற்றுங்கள், ரேடியேட்டரில் பிரஷர் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றுங்கள், அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டு டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஏதோ ஒரு சிலிண்டரின் அடி விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, கனெக்டிங் ராடின் பக்கமாக இறங்கி அட்டையில் விழும். லைனர் வெளி விளிம்பிலிருந்து வந்தால் ரப்பர் வளையம், சிலிண்டருக்கு உள்ளிருந்து வந்தால் லைனர் துளை அல்லது மேலே கேஸ்கட், ரெண்டு சிலிண்டருக்கு நடுவே இருக்கும் இரும்புச் சுவரிலிருந்தோ கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் பக்கத்திலிருந்தோ வந்தால் அதுதான் பிளாக் கிராக். ராத்திரி முழுக்க அழுத்தத்தோடு விட்டால் அட்டையில் விழுந்த ஈரமே எந்த சிலிண்டர் என்று காட்டிக் கொடுக்கும்.

அறிகுறி 3: ரேடியேட்டருக்குள் ஆயில் மிதக்கிறது, டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறது

இதில் பத்துக்கு எட்டுத் தடவை ஆயில் கூலர் என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். இஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தை விட அதிகம், அதனால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் தள்ளப்படும். ஆட்டோ கியர் பிக்அப் என்றால் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குள் கியர் ஆயில் கூலர் இருக்கும், மிதக்கும் ஆயில் சிவப்பாக இருந்தால் இஞ்சினை விட்டுவிட்டு அதைப் பாருங்கள், கியர்பாக்ஸும் ஆபத்தில் இருக்கிறது.

கூலர் நன்றாக இருந்தால் கேஸ்கட். அதுவும் நன்றாக இருந்தால்தான் பிளாக்கில் ஆயில் கேலரிக்கும் (ஆயில் ஓடும் துளைப் பாதை) தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே கிராக். அந்தக் கட்டத்தில் நீங்களாகச் செய்ய ஒன்றும் இல்லை, இஞ்சின் பாகங்களைக் கடைந்து சரிசெய்யும் மெஷின் ஷாப்புக்கு பிளாக் போக வேண்டும்.

அறிகுறி 4: ரேடியேட்டரில் குமிழி, ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது

குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் இறுகினால் அது சூட்டினால் வந்த அழுத்தம் இல்லை, சிலிண்டர் கேஸ் தண்ணீருக்குள் போகிறது.

உறுதி செய்ய: இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாட்டர் பம்ப் பெல்டைக் கழற்றுங்கள், தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள், வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும், வருகிற குமிழி சிலிண்டரிலிருந்துதான் வர முடியும். ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. பழைய வகை இன்ஜெக்டர் பம்ப் உள்ள இஞ்சின் என்றால் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள், எந்த சிலிண்டரைத் தளர்த்தும்போது குமிழி குறைகிறதோ அங்கேதான் கோளாறு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இஞ்சினில் இதை மட்டும் செய்யவே கூடாது. அதில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும், பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிய நிலை வரும்.

ரேடியேட்டருக்குள் புகை வருகிறதா என்று காட்டும், நீலத் திரவம் நிறம் மாறும் டெஸ்டர் வைத்திருப்பவர்கள் டீசல் வண்டியை ஐடிலில் (நிறுத்தி வைத்து மெதுவாக ஓடவிட்டு) பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம். டீசல் இஞ்சின் ஐடிலில் தேவைக்கு மேல் காற்றை இழுக்கும், புகையில் கரியமில வாயு ரொம்பக் குறைவு. லோடு கொடுத்து, ஆர்பிஎம் ஏற்றி, அப்புறம் பாருங்கள்.

காரணங்களின் வரிசை: ஹெட் போல்ட் தளர்வு, கேஸ்கட், ஹெட் வளைவு, ஹெட் கிராக், கடைசியாக பிளாக். ஹெட்டைத் தூக்கியாச்சு என்றால் கேஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். எரிந்த கரிக் கோடு எந்த இடத்தில் கடந்து போயிருக்கிறதோ, பிளாக் முகத்தில் அதே இடத்தைத்தான் தேய்த்துப் பார்க்க வேண்டும். நேர்ப் பட்டை வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று ஹெட்டிலும் பிளாக்கிலும் நீளவாக்கிலும் குறுக்காகவும் பாருங்கள். நுழைந்தால் அந்த இஞ்சினின் மேனுவல் எவ்வளவு வரை அனுமதிக்கிறது என்று பார்த்து, மெஷின் ஷாப்பில் மட்டம் தட்டிக் கொள்ளலாம்.

அறிகுறி 5: காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று நின்றுவிடுகிறது

பேட்டரி என்று நினைத்து வேறு லாரியிலிருந்து ஜம்ப் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளைப் புகை விடும், தண்ணீர் குறையும் வண்டி காலையில் இப்படி நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது. கட்டாயப்படுத்திச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும், வளைந்த ராட் அப்புறம் ஒருநாள் ஓட்டத்தில் உடைந்து பிளாக்கைத் துளைக்கும்.

இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து வெளியே வருகிறது என்று பாருங்கள், முகத்தை நேராக வைக்காமல் தள்ளி நின்று. வந்தது தண்ணீரா டீசலா என்று மோந்தாலே தெரியும். டீசல் என்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, செலவு சின்னது. தண்ணீர் என்றால் முந்தின நாள் வெள்ளத்தில் இறங்கினீர்களா என்று டிரைவரிடம் கேளுங்கள், ஏர் கிளீனர் நனைந்திருந்தால் தண்ணீர் மேலிருந்து வந்தது, பிளாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ரெண்டும் இல்லை என்றால் ஹெட்டைத் தூக்க வேண்டியதுதான். தூக்கியதும் ஒவ்வொரு பிஸ்டனையும் மேலே கொண்டுவந்து அதன் உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராட் வளைந்துவிட்டது. பிளாக்கைச் சரிசெய்து அந்த ராடையே திரும்பப் போட்டால் செலவு அத்தனையும் வீண்.

அறிகுறி 6: பிளாக்கின் வெளிப்பக்கம் ஈரக் கோடு, துருக் கோடு

பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகளை முதலில் பாருங்கள், கோர் பிளக் என்பார்கள். உள்ளிருந்து துரு தின்று ஊசித் துளை விழுந்தால் அதிலிருந்து வழியும் தண்ணீர் பிளாக்கே வெடித்த மாதிரி காட்டும். புது மூடி சில ரிங்கிட்தான்.

அடுத்து, நீங்கள் பார்ப்பது கிராக்தானா? வார்ப்பில் ரெண்டு அச்சு சேரும் இடத்தில் நீளமாக ஒரு கோடு இருக்கும். அது விரல் நகத்துக்கு மேடாகத் தட்டும். கிராக் மேடாக இருக்காது, வளைந்து வளைந்து போகும், ஓரத்தில் துரு கசிந்திருக்கும்.

சந்தேகம் தீர சிவப்பு, வெள்ளை என்று ரெண்டு டப்பாவாக விற்கும் கிராக் ஸ்பிரே வாங்குங்கள். பெயின்ட், கிரீஸ் எல்லாம் போக பளபளவென்று தேய்த்து தின்னர் போட்டுத் துடையுங்கள். சிவப்பை அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். மேலே இருப்பதைத் துணியில் கிளீனர் நனைத்துத் துடைக்க வேண்டும், கிளீனரை நேராக அடித்தால் கிராக்குக்குள் இறங்கியதும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு வெள்ளையை மெல்லிசாக அடியுங்கள். கிராக் இருந்தால் வெள்ளைக்கு மேல் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகும். கோட்டின் ரெண்டு முனையையும் சென்டர் பஞ்சால் அடித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறியைத் தாண்டி அடுத்த வாரம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஸ்பிரே கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூள் தேய்த்தாலும் கோடு ஈரமாக எழும்பி வரும்.

வெளிப்பக்கத் தண்ணீர்ச் சுவரில் மட்டும் கிராக் என்றால் அதற்காக இஞ்சின் மாற்றாதீர்கள். அந்தச் சுவர் தண்ணீரைத் தடுக்கிறதே தவிர பாரம் தாங்குவதில்லை. அமெரிக்காவில் டாட்ஜ் பிக்அப்களில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் 24 வால்வு இஞ்சின்களில் 53 என்று எண் வார்த்த பிளாக்குகள் இப்படித்தான் பக்கவாட்டுச் சுவரில் வெடித்துப் பேர் கெட்டன, அவற்றில் பலதை வண்டியிலிருந்து இறக்காமலே தைத்து ஓட்டுகிறார்கள்.

ஆனால் டிராக்டருக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. மேசி ஃபெர்குசன் மாதிரி டிராக்டர்களில் தனிச் சேசிஸ் கிடையாது. முன் அச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இஞ்சினே உடம்பாக நிற்கிறது. பிளாக்கின் முன்முகத்திலோ பின்முகத்திலோ போல்ட் துளையைச் சுற்றி கிராக் என்றால் அது டிராக்டரின் முதுகெலும்பில் வந்த கிராக், அதைச் சில்லறை வேலையாக நினைக்கக் கூடாது.

கிராக் உறுதி: இப்போது இடத்தை வைத்து முடிவு

*வெளித் தண்ணீர்ச் சுவர்.* தைக்கலாம். மெட்டல் ஸ்டிச்சிங் என்று கேளுங்கள். சூடே காட்டாமல், கிராக் நெடுக ஒன்றோடொன்று கவ்வும்படி துளை போட்டு மரை பின்கள் இறுக்கி, மேலே தேய்த்து விடுவார்கள். சூடு இல்லாததால் புதுக் கிராக் வராது. வெல்டிங்தான் கிடைக்கும் என்றால் நிக்கல் ராடில் மட்டும். கிராக்கின் ரெண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, வி வடிவத்தில் தோண்டி, ஒரு தடவைக்கு 25 மி.மீ. நீளம்தான் ஓட்டி, உடனே சின்னச் சுத்தியால் தட்டி, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு அடுத்தது. கேட்டுக்கு அடிக்கும் சாதாரண ராடை வைத்து "அஞ்சு நிமிஷ வேலைண்ணே" என்று ஒருவர் வந்தால் விடாதீர்கள். வெல்டு அப்படியே நிற்கும், அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிராக் ஓடும்.

*ஹெட் போல்ட் துளையிலிருந்து தண்ணீர்ப் பாதைக்கு.* அடிக்கடி வரும் இடம் இது. துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்க அதன் மேலேயே போல்ட்டை இறுக்கினால் திரவம் போக வழியில்லாமல் பிளாக்கைப் பிளக்கும். தையலும் புது மரை உறையும் போட்டு மட்டம் தட்டினால் நன்றாகவே நிற்கும். நல்ல மெஷின் ஷாப் வேண்டும்.

*சிலிண்டருக்குள்.* லைனரில் மட்டும் கிராக் என்றால் லைனர் மாற்றுங்கள், அது சாதாரண ஓவர்ஹால் வேலை. லைனருக்குப் பின்னால் பிளாக் சுவரே வெடித்திருந்தால் பெரிதாக்கிக் குடைந்து தடித்த ஸ்லீவ் இறக்கலாம், சுவரில் அதற்கு இடம் இருந்தால். லைனர் தோள் உட்காரும் படி வெடித்திருந்தால் நான் மாற்றத்தான் சொல்வேன்.

*ரெண்டு சிலிண்டருக்கு நடுவே மேல்முகத்தில்.* சுவர் மெல்லிசு, சூடு அதிகம். தைத்தாலும் கேஸ்கட் அங்கேயே மறுபடி ஊதும். கிடைக்காத அரிய இஞ்சின் என்றால் ஒழிய மாற்றுங்கள்.

*மெயின் பேரிங் உட்காரும் இடம், கேம் துளை, ஆயில் கேலரி.* மாற்றுங்கள். தைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி, பாரம் ஏற்றிய லாரிக்கு வேண்டாம்.

*ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை.* தகடு வைத்து மூடினவர்கள் உண்டு. ஆனால் ராட் உடைந்த இஞ்சினில் கிராங்க், கேம், பக்கத்து லைனர் எதுவும் நல்லபடியாக இருக்காது. மாற்றுவதுதான் மலிவு.

ரேடியேட்டரில் ஊற்றும் பாட்டில் சீலரைப் பற்றிக் கேட்பார்கள். காட்டுக்குள்ளிருந்து பட்டறை வரை வண்டி வர உதவும், அவ்வளவுதான். அதே மருந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஆயில் கூலரையும் அடைக்கும். ஊற்றியிருந்தால் மெஷின் ஷாப்பில் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் கெமிக்கல் தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும்.

மெஷின் ஷாப்புக்குப் போகும்போது

எங்களுக்கு ஈப்போ, மெங்லெம்பு பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. பிளாக்கோடு ஹெட்டையும் பழைய கேஸ்கட்டையும் கொண்டு போங்கள். தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) மூன்று விஷயம் கேளுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் சுடுதண்ணீரில் பிரஷர் டெஸ்ட் செய்து என் கண்ணால் பார்க்க விடுவீர்களா, மெயின் பேரிங் வரிசை நேராக இருக்கிறதா என்று அளப்பீர்களா, தையலுக்கு என்ன உத்தரவாதம். முதல் கேள்விக்கே முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

பணக் கணக்கு

தையல் கூலியை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். இறக்கி ஏற்றும் கூலி, கழுவுதல், டெஸ்ட், மட்டம் தட்டல், முழு கேஸ்கட் செட், புது ஹெட் போல்ட், பேரிங், ரிங், ஆயில், கூலண்ட் எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். பக்கத்தில், டெஸ்ட் செய்து வாங்கும் பழைய இஞ்சினின் விலை, கொண்டுவரும் செலவு, பொருத்தும் கூலி. ரிப்பேர்க் கணக்கு மாற்றுக் கணக்கில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்வேன். உங்கள் இஞ்சின் சமீபத்தில் முழு ஓவர்ஹால் ஆகி, உள்ளே எல்லாம் புதுசு என்றால் மட்டும் முக்கால் வரைக்கும் போகலாம்.

நாள் கணக்கையும் சேர்க்க வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும், மில்லுக்காரர் விலையைக் குறைப்பார். செப்டம்பர், அக்டோபர் மாதிரி விளைச்சல் கொட்டும் மாதங்களில் வண்டி ரெண்டு வாரம் படுத்தால் வாடகை லாரிக்குக் கொடுப்பதே பெரிய தொகை. மெஷின் ஷாப் எத்தனை நாள் சொல்கிறதோ அதையும் ஹாஃப்கட் கடை எத்தனை நாளில் அனுப்பும் என்பதையும் வாடகையோடு பெருக்கி ரெண்டு பக்கமும் கூட்டுங்கள்.

பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் ஏடி3.152 மாதிரி இஞ்சினுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேசி 240 டிராக்டரைப் பாகிஸ்தானிலும் தயாரித்தார்கள், சாமான் இன்னும் ஓடுகிறது. மோசமான இடத்தில் வெடித்த பிளாக்கைப் பிடித்துக்கொண்டு போராட வேண்டியதில்லை.

மாற்றுவது என்று முடிவானால்

கிள்ளான், காப்பார் பக்கத்து ஹாஃப்கட் கடைகளில் இசுசு 4ஜேபி1 மாதிரி இஞ்சின் வரிசையாகக் கிடக்கும். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் சம்ப், மவுண்ட், இன்ஜெக்டர் பம்ப், டர்போ மாறியிருக்கும், உங்கள் பழைய இஞ்சினின் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலை விடுங்கள், துரு சேறாக ஒட்டினால் அந்த இஞ்சினும் வெறும் தண்ணீரில் வாழ்ந்ததுதான். கம்பிரஷன் பார்க்கும்போது சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே இஞ்சின் எண். அது பிளாக்கில்தான் அடித்திருக்கிறது, உங்கள் வண்டி கிராண்டிலும் (உரிமைப் பத்திரம்) அந்த எண்தான் இருக்கிறது. சாலையில் ஓடும் பதிவு வண்டிக்கு பிளாக் மாற்றினால் புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை நிலையத்துக்குப் போய், ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். லாரிக்கு எப்படியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனை இருக்கிறது, அங்கே எண் ஒத்துப்போகாவிட்டால் வண்டி நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். அதனால் கடை ரசீதும் சுங்கப் பத்திரமும் கையில் வாங்கிக்கொண்டுதான் பணம். எண் தேய்த்திருந்தால், மேலே மறுபடி அடித்த மாதிரி தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன்

தைத்த பிளாக்கோ வாங்கிய இஞ்சினோ, பழையது ஏன் கொதித்தது என்று கண்டுபிடிக்காமல் ஏற்றாதீர்கள். ரேடியேட்டரைக் கழற்றி வெளிப்பக்கம் பாருங்கள், செம்பனை நார்த் தூளும் செம்மண்ணும் அப்பி மண் சுவராக இருக்கும். உள்பக்கம் அடைப்பு என்றால் ராட் விட்டுச் சுத்தம் செய்யும் கடைக்கு அனுப்புங்கள். ஃபேன் கிளட்ச், பெல்ட், தெர்மோஸ்டாட், மூடி புதுசு. சூட்டு மீட்டர் வேலை செய்கிறதா என்று சென்சாரைச் சுடுதண்ணீரில் முக்கிப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை நிரந்தரமாகக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பிளாக்கிலும் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்று ஆகும்.

கூலண்டைச் சரியான அளவில் கலந்து, காற்று போக்கி நிரப்புங்கள். முதல் நாள் காலி வண்டியாக ஓட்டி, ஆறின பிறகு தண்ணீரும் ஆயிலும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பாதி லோடு. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக், ரேடியேட்டர், தையல் போட்ட இடம் மூன்றையும் டிரைவர் பார்த்து போனில் படம் எடுத்து அனுப்பட்டும். தண்ணீர் மறுபடி இறங்க ஆரம்பித்தால் லோடு ஏற்றாமல் அன்றைக்கே பிரஷர் பம்பை மாட்டுங்கள்.